ஏசி சரியாகவில்லை, பில் மட்டும் ஏறுகிறது

கேள்வி:
கோவையில் ஷோரூம் சர்வீஸிலேயே ஏசிக்காக வண்டியை மூன்று முறை விட்டேன், ஒவ்வொரு தடவையும் கேஸ் நிரப்பிப் பணம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள், இரண்டே வாரத்தில் மறுபடி வெக்கைக் காற்று. இப்போது கம்ப்ரஸரையே மாற்ற வேண்டுமாம். நான் கேட்காத இன்ஜெக்டர் கிளீனிங் வேறு பில்லில் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:
கேஸ் தானாகத் தீராது அண்ணா, எங்கேயோ கசிகிறது. நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்த்தார்களா என்று கேளுங்கள். கண்டென்சரிலோ ஓ-ரிங்கிலோ (இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம்) கசிந்தால் கம்ப்ரஸரைத் தொடவே வேண்டாம்.

பதில்:
ஜாப் கார்டு (வண்டியை விடும்போது என்ன வேலை என்று எழுதும் சீட்டு) நகலை விடாதீர்கள். அதில் கிளீனிங் இல்லையென்றால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் கிடையாது.

கேட்டவர்:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், ஜாப் கார்டில் இல்லை. நாளைக் காலையிலேயே போகிறேன்.