‘ஸ்பிரிட்ஸ்’ என்பதற்கு ‘விளாவல்’ பொருந்துமா?

அன்புடையீர்,

இத்தாலியப் பானங்களைப் பற்றிய சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அதில் லிமொன்செல்லோ என்னும் எலுமிச்சை மதுவைக் கொண்டு செய்யும் மென்மையான ஸ்பிரிட்ஸ் (திராட்சை மதுவில் சோடா விட்டு இளக்கிய பானம்) ஒன்றின் செய்முறை வருகிறது. என் முதல் வரைவில் இருந்த வாக்கியத்தை அப்படியே தருகிறேன்: “ஸ்பிரிட்டில் ஊறிய தோலிலிருந்து கிடைக்கும் லிமொன்செல்லோவை ஸ்பிரிட்ஸில் சேர்க்கும்போது அளவு மிகாமல் பார்த்துக்கொள்க.” இதைப் படித்த என் அக்கா, தோலை ஊறவைத்த அதே ஸ்பிரிட்டில் லிமொன்செல்லோவைத் திரும்ப ஊற்றச் சொல்வதாகப் புரிந்துகொண்டார். அவர்மேல் குற்றமில்லை. தமிழெழுத்தில் ‘ஸ்பிரிட்ஸ்’ என்பது ‘ஸ்பிரிட்’ (செறிவான ஆல்ககால்) என்பதன் பன்மைபோலத்தான் தோன்றுகிறது.

எனவே ஒரு தமிழ்ச்சொல் இன்றியமையாததாகிவிட்டது. ‘ஸ்பிரிட்ஸ்’ என்பதற்கு மூலமான ஜெர்மன் வினைக்குத் தெளித்தல், பீச்சுதல் என்று பொருள் இருப்பதால் ‘தெளிமது’ என்று எழுதி வைத்திருக்கிறேன். பீச்சு என்ற வேரை ஏன் தவிர்த்தேன் என்று விளக்க வேண்டியதில்லை. லிக்யூர் (இனிப்பும் மணமும் ஏற்றிய மது) என்பதற்கு ‘இன்மது’ என்றும், பழத்தோலின் மஞ்சள் மேற்பகுதிக்கு ‘தோல் துருவல்’ என்றும் இட்டிருக்கிறேன். பெரியவர்கள் திருத்தித் தர வேண்டும்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அக்காவின் குழப்பமே இந்தச் சொல்லாக்கத்துக்குப் போதுமான நியாயம். கடன்சொல் தெளிவாக நிற்கும் இடத்தில் அதை மாற்ற வேண்டும் என்பவன் அல்லன் நான். சோடாவைச் சோடா என்றே எழுதுங்கள், அது என்றோ தமிழாகிவிட்டது. ஆனால் ஒரே செய்முறைக்குள் ஸ்பிரிட், ஸ்பிரிட்ஸ் இரண்டும் வரும்போது கடன்சொல் தன் வேலையைச் செய்யத் தவறுகிறது.

‘தெளிமது’ எனக்கு உடன்பாடில்லை. தெளி என்ற வேர் தெளித்தலையும் குறிக்கும், கலங்கல் நீங்குதலையும் குறிக்கும். மது என்ற சொல்லோடு சேர்ந்தால் இரண்டாம் பொருளே முந்திக்கொண்டு வரும். பழந்தமிழில் தேறல் என்பது தெளிந்த மது என்ற வழக்கு இருப்பதால் அந்த ஐயம் இன்னும் வலுப்படும். நீங்கள் விளக்கப்போவதோ கலங்கிய பானம். எலுமிச்சைத் தோலின் எண்ணெய் செறிவான ஆல்ககாலில் கரைந்து, கண்ணாடிபோல் தெளிந்த மஞ்சள் நிறத்தில் நிற்கும். அதில் சர்க்கரைப்பாகு விழுந்து ஆல்ககாலின் செறிவு குறைந்ததும், கரைந்திருந்த எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிந்து, ஒளியைச் சிதறடித்துப் பால்போல் மங்கிவிடும். அந்த மங்கலே லிமொன்செல்லோவின் அடையாளம். அதைத் ‘தெளிமது’வின் உறுப்பு என்று எப்படிச் சொல்வது?

இதைவிட அடிப்படையான ஒரு குறையும் உண்டு. ஜெர்மன் சொல்லின் நேர்ப்பொருளைப் பிடித்துக்கொண்டு போனால் பானத்தின் இயல்பு கைநழுவுகிறது. ஸ்பிரிட்ஸ் பிறந்த வடகிழக்கு இத்தாலியின் வெனிட்டோ பகுதி 1815 முதல் 1866 வரை ஆஸ்திரிய ஆட்சியில் லொம்பார்டி–வெனீசிய அரசின் பகுதியாக இருந்தது. அங்கே வந்த படைவீரர்களும் வணிகர்களும் உள்ளூர்த் திராட்சை மது தங்களுக்குக் கடுமையாக இருப்பதாகக் கருதி அதில் தண்ணீர் விடச் சொன்னார்கள் என்பதே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பின்னர் அந்தத் தண்ணீரின் இடத்தில் சோடா வந்தது. கசப்பும் இனிப்பும் கலந்த மதுக்கள் சேர்ந்தது அதற்கும் பிறகுதான். இன்று ஸ்பிரிட்ஸ் என்றதும் பலர் நினைக்கும் செம்மஞ்சள் நிறக் கசப்பினிப்பு மதுவான அப்பெரோலே 1919இல் பாதுவா நகரில்தான் அறிமுகமாயிற்று. வடகிழக்கு எல்லையிலுள்ள திரியேஸ்தே நகரின் பக்கம் இன்றும் வெறும் வெள்ளைத் திராட்சை மதுவும் சோடாவும் கலந்ததை ஸ்பிரிட்ஸ் என்றே கேட்டு வாங்குவார்கள். ஆகவே அதில் பீச்சுவது தற்செயல்; கடுமையானதைக் குடிக்கும் பதத்துக்கு இளக்குவதுதான் உட்பொருள்.

இந்தச் செயலுக்குத் தமிழில் ஒரு வினை காத்துக்கொண்டிருக்கிறது: விளாவுதல். கொதிநீரில் குளிர்நீரை விட்டு மேல் பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவருவதை ‘விளாவி வை’ என்கிறோம். ‘கலந்து வை’ என்று யாரும் சொல்வதில்லை. கலத்தலில் இரண்டு பொருளும் சமம். விளாவுதலில் ஒன்று முதற்பொருள். மற்றது அதன் வேகத்தைத் தணிக்க வருவது. எவ்வளவு விடுவது என்பதைப் பருகுபவரின், குளிப்பவரின் பொறுமை முடிவு செய்கிறது. ஸ்பிரிட்ஸுக்கு இதைவிட நெருங்கிய வினையை நான் காணவில்லை. ஆகவே ‘விளாவல்’ என்று முன்மொழிகிறேன். துவை துவையலாகவும் வறு வறுவலாகவும் ஆனது போல, செயலின் பெயர் அச்செயலால் விளையும் பண்டத்துக்கு ஆகிவருவது நமக்குப் பழகிய அமைப்பே. லிமொன்செல்லோ விளாவல், அப்பெரோல் விளாவல், வெள்ளைத் திராட்சை மதுவும் சோடாவும் மட்டுமாயின் வெள்விளாவல் என்று தொடர்கள் எளிதாக அமைகின்றன. ‘சோடா விட்டு விளாவுக’ என்று வினையாகவும் ஆளலாம். கடன்சொல்லில் அந்த வசதி இல்லை.

லிக்யூருக்கு ‘இன்மது’ தவறில்லை, பாதிதான் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி இவ்வகை மதுவில் ஆல்ககால் 15 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது; பொதுவாக லிட்டருக்கு 100 கிராமாவது சர்க்கரை இருக்க வேண்டும்; அதற்குமேல் ஏதேனும் ஒரு மணப்பொருளும் ஏறியிருக்க வேண்டும். இனிப்பையும் மணத்தையும் ஒருசேரக் குறிக்கும் சொல் நம் கையிலேயே இருக்கிறது: நறவு. நறு என்பது மணம். நறவு என்பதற்குத் தேன் என்றும் மது என்றும் இரு பொருளும் உண்டு. ஆகவே லிக்யூர் நறவு, லிமொன்செல்லோ ஓர் எலுமிச்சை நறவு. லிக்யூர் என்று எழுதினால் பாதிப்பேர் லிக்கர் என்று படித்துவிட்டு மதுக்கடையை நினைக்கிறார்கள் என்பது கூடுதல் காரணம். தேறலை நாம் தெளிந்த திராட்சை மதுவுக்கு வைத்துக்கொள்ளலாம். புறநானூற்றின் 56ஆம் பாடலில் யவனர் கொணர்ந்த மதுவுக்கு அச்சொல்தானே வருகிறது!

ஆனால் லிமொன்செல்லோ, புரோசெக்கோ (குமிழ் எழும் இத்தாலிய வெள்ளைத் திராட்சை மது) ஆகிய பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம். புரோசெக்கோ ஊர்ப்பெயர். 2009இல் அதன் திராட்சைக்கு க்ளேரா என்ற பெயரை நிலைப்படுத்தி, புரோசெக்கோ என்ற பெயரை வெனிட்டோ, ஃப்ரியூலி வெனீசியா ஜூலியா ஆகிய நிலப்பகுதிகளின் ஒன்பது மாவட்டங்களுக்கு உரியதாக வரையறுத்தார்கள். அதைக் குமிழ்த்தேறல் என்று பெயர்த்தால் இனத்தைச் சொன்னதாகுமே தவிர அதைச் சொன்னதாகாது. (லிமொன்செல்லோவை ‘லிமொஞ்செல்லோ’ என்று எழுதுவோரும் உள்ளனர். புன்செய் புஞ்சையானதை ஏற்ற நாம் இதைக் கண்டு முகம் சுளிக்க முடியாது. ஆயினும் கையேட்டில் முன்னதே இருக்கட்டும். இலிமொன்செல்லோ என்று இகரம் சேர்க்க யாரும் வற்புறுத்தாமலிருப்பார்களாக.)

‘தோல் துருவல்’ என்பதைக் கட்டாயம் மாற்றுங்கள். துருவல் துருவிய பின் கிடைப்பது. உங்களுக்கு வேண்டியதோ தோலின் ஒரு பகுதிக்குப் பெயர். எண்ணெய்ப் பைகள் நிறைந்த மஞ்சள் பகுதியை மணத்தோல் என்றும், அதன் அடியில் பஞ்சுபோல் இருந்து கசப்பைத் தரும் வெள்ளைப் பகுதியை வெண்தோல் என்றும் பிரித்தால் “மணத்தோலை மட்டும் சீவுக, வெண்தோல் ஒட்டாதிருக்கட்டும்” என்று ஒரே வரியில் முடிந்துவிடும். பழத்தைப் பற்றியும் ஒரு குறிப்புச் சேர்க்க வேண்டும். எலுமிச்சை என்றதும் நம் கண்முன் வருவது மெல்லிய தோலுடைய சிறிய உருண்டைக் காய். தெற்கு இத்தாலியின் சொரென்டோவிலும் அமால்ஃபி கடற்கரையிலும் விளைவது நீண்டு பருத்த, தடித்த தோலுடைய பழம். அத்தோலே இந்த நறவுக்கு உயிர் என்பதால் முதன்முறை வருமிடத்தில் ‘தடித்தோல் எலுமிச்சை’ என்று எழுதிவிடுங்கள்.

*

ஐயா,

நறவும் மணத்தோலும் உடனே ஏற்றேன். விளாவலில் மட்டும் இரண்டு தயக்கங்கள். ஒன்று, அச்சொல்லைக் கேட்டதும் குளியலறையின் வெந்நீர்தான் நினைவுக்கு வருகிறது. இதுவோ பனிக்கட்டி மிதக்கும் பானம். மற்றொன்று, ஸ்பிரிட்ஸின் துள்ளும் குமிழ்கள் இந்தப் பெயரில் எங்கும் இல்லை. ‘குமிழ்விளாவல்’ என்று சொல்லலாமா? கடைசியாக, கையேட்டின் அளவு 3:2:1. அதாவது 90 மில்லி புரோசெக்கோ, 60 மில்லி லிமொன்செல்லோ, 30 மில்லி சோடா. இதைத் தலைப்பில் ‘மென்மையானது’ என்கிறார்கள். இந்த அடைக்கு ‘மென்விளாவல்’ எனலாமா?

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சிக்கல் அங்கே சொல்லில் இல்லை, அளவில் இருக்கிறது. 3:2:1 என்பது அப்பெரோலுக்குப் புகழ்பெற்ற கணக்கு. அப்பெரோலில் ஆல்ககால் 11 விழுக்காடு. புரோசெக்கோவிலும் ஏறத்தாழ அவ்வளவே. 60 மில்லி அப்பெரோலில் 6.6 மில்லி, 90 மில்லி புரோசெக்கோவில் 9.9 மில்லி, ஆக 180 மில்லி பானத்தில் 16.5 மில்லி ஆல்ககால், விழுக்காட்டில் 9.2. லிமொன்செல்லோவோ பெரும்பாலும் 25 முதல் 32 விழுக்காடு வரை உள்ள நறவு. 30 என்று கொண்டால் அதே 60 மில்லி 18 மில்லி ஆல்ககாலைக் கொண்டுவந்து, மொத்தத்தை 27.9 மில்லிக்கு ஏற்றிவிடும். 15.5 விழுக்காடு! விளாவி வந்த பானம், ஊற்றிய திராட்சை மதுவைவிடக் கடுமையாகிவிட்டது. இதற்கு மென்விளாவல் என்று பெயரிட்டால் பெயரும் பொய், விளாவலும் பொய்.

லிமொன்செல்லோவை 30 மில்லியாகக் குறைத்துச் சோடாவை 60 மில்லியாக உயர்த்துங்கள். ஆல்ககால் 18.9 மில்லிக்கு இறங்கி 10.5 விழுக்காட்டில் நிற்கும்; பனிக்கட்டி உருக உருக இன்னும் தணியும். இனிப்பும் பாதியாகும். பாகு ஏறிய நறவாகையால் 60 மில்லி விட்டால் மூன்றாம் மிடற்றிலேயே நாக்கு சலித்துவிடும் என்பது என் அனுபவம். அளவை மாற்ற மூலநூல் இடம் தராவிட்டால் அடிக்குறிப்பிலாவது இந்தக் கணக்கைத் தாருங்கள். ‘மென்’ என்ற அடை வேண்டாம். விளாவல் என்ற சொல்லே தணிப்பை உணர்த்துகிறது.

வெந்நீர் நினைவைப் பற்றி: அச்சொல்லை அங்கே மட்டும் கேட்டுப் பழகியதன் விளைவு அது. புதிய பொருளில் நாலு முறை எழுதினால் நீராவி அடங்கிவிடும். குமிழ் பற்றிய தயக்கம் இன்னும் நியாயமானது; நானும் இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் காரணப்பெயர் பொருளின் முழு இலக்கணத்தையும் சுமக்க வேண்டியதில்லை. நாற்காலி என்ற பெயரில் அமர்வது பற்றி ஒன்றும் இல்லை. நாலு கால் உள்ள மேசையை நாம் நாற்காலி என்பதும் இல்லை. குமிழ்விளாவல் தவறன்று, நீளம். அன்றாடம் ஆள்பவர்கள் முன்பாதியைத் தாமே விட்டுவிடுவார்கள். அதை நாமே விட்டுவிடலாம். மற்றபடி, உணவுக்கு முன் பருகுவதற்கும் ஒரு சொல் கேட்டு அடுத்த மடல் வரும் என்று அஞ்சுகிறேன். ‘உணவுக்கு முன் பருகுவது’ என்றே எழுதுங்கள்.

பீச்சுதல் என்ற பொருளுக்கு உரிய இடமும் இந்தச் செய்முறையில் ஒன்று உண்டு. சீவிய மணத்தோல் துண்டை மஞ்சள் பக்கம் கீழ்நோக்கி இருக்குமாறு குவளையின் வாய்க்கு மேலே பிடித்து, இரு விரலால் சட்டென்று மடித்து அழுத்தினால், விளக்கொளியில் மெல்லிய எண்ணெய்ப் புகைபோல் ஒன்று பறந்து பானத்தின்மேல் படியும். பருகுபவருக்கு முதலில் எட்டுவது அந்த மணந்தான். அதைத் ‘தோற்சாரல்’ என்று சொல்லிப் பார்க்கிறேன்.

செய்முறைப் பகுதியை இச்சொற்களோடு எழுதிப் பார்த்தது கீழே. எங்கே இடறுகிறது என்று உங்கள் அக்காவிடமே கேளுங்கள்.

“லிமொன்செல்லோ விளாவல்: காம்புள்ள பெரிய கண்ணாடிக் குவளையைப் பனிக்கட்டியால் நிரப்புக. உறைபெட்டியில் வைத்துக் கனத்திருக்கும் லிமொன்செல்லோவில் 30 மில்லியை முதலில் விடுக. சர்க்கரை மிகுந்த நறவு பின்னால் விட்டால் அடியில் போய்த் தங்கிவிடும். முன்னால் விட்டால் மேலே விழும் புரோசெக்கோவே அதைக் கலக்கிவிடும். குளிர்ந்த புரோசெக்கோ 90 மில்லியைக் குவளையைச் சாய்த்துப் பிடித்து மெல்ல ஊற்றி, 60 மில்லி சோடா விட்டு விளாவுக. கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு முறை தூக்கிவிடுக. குலுக்கினால் குமிழ் போய்விடும். மணத்தோல் துண்டை மடித்துத் தோற்சாரல் படியவிட்டு, அத்துண்டையும் குவளையில் இடுக.”