பூமலைல பெரியம்மா பாத்த பால் மரம்

நீர்நாய், உடும்புன்னு சிங்கப்பூர் பார்க்ல பாத்ததையெல்லாம் குரூப்ல ஆளாளுக்குப் போட்டுட்டீங்க, என்னோடது வெறும் பால் மரம்தான், அதாவது ரப்பர் மரம், ஆனா சொல்லியே ஆகணும்.

போன செப்டம்பர் ஸ்கூல் லீவுல மலேசியாவுல குளுவாங்லேருந்து பெரியம்மா வந்திருந்தாங்க. செந்தோசா போலாம்னா வெயில்ல அலைய முடியாதுன்னுட்டாங்க, சரின்னு பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு காலைலயே பூமலைக்கு, அதான் சிங்கப்பூர் பொட்டானிக் கார்டனுக்குப் போயிட்டோம். உள்ள போக காசு இல்ல, ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் டிக்கெட். 1859லேருந்து இருக்கு, 2015ல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேத்தாச்சுன்னு நான் சொல்லிக்கிட்டே வர்றேன், பெரியம்மா காதுல எதுவும் ஏறல. அன்ன ஏரி, அஞ்சு வெள்ளி (டாலர்) நோட்டுல இருக்கிற தெம்புசு மரம், எல்லாத்துக்கும் ஒரே 'ம்'தான்.

திரும்பி வர்றப்ப பால் மரம் கண்ணுல பட்டுச்சு, அவ்ளோதான், ஆளே மாறிட்டாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி எஸ்டேட்ல மரம் வெட்டினவங்க, அதாவது ரப்பர் மரத்துப் பட்டையச் சீவிப் பால் எடுத்தவங்க. விரலையே கத்தியா வச்சு, மேல இடப்பக்கத்துலேருந்து கீழ வலப்பக்கமா சாய்வா ஒரு கோடு இழுத்துக் காட்டி, "இந்த முனையிலதான்யா பால் புடிக்கிற மங்கு இருக்கும், பட்டைய வெத்தல கனத்துக்குத்தான் சீவணும், கட்டையில பட்டுச்சோ கங்காணி, காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுலயே வச்சு ஏசுவாரு"ங்கிறாங்க. வெயில் ஏறினா பால் நின்னுடுமாம், அதனால இருட்டுலயே நெத்தில வெளக்கக் கட்டிக்கிட்டுப் போவாங்களாம்.

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. அந்த ரப்பர் கன்னு 1877ல இங்கிலாந்து க்யூ தோட்டத்துலேருந்து வந்து இறங்கினதே இந்தத் தோட்டத்துலதான். மரத்தைக் கெடுக்காம பட்டைய மட்டும் சீவிச் சீவிப் பால் எடுக்கிற முறைய உருவாக்கினதும் இங்க டைரக்டரா இருந்த ரிட்லி, ரப்பர் போடுங்க ரப்பர் போடுங்கன்னு தோட்டக்காரங்கள நச்சரிச்சு நச்சரிச்சே பைத்தியக்கார ரிட்லின்னு பேர் வாங்கினவரு. நம்மாளுங்க கப்பலேறி வந்து மலாயா பூரா எஸ்டேட் எஸ்டேட்டா வெட்டினது அந்த வெட்டத்தான். என்னைக் கேட்டா ஆர்க்கிடெல்லாம் அப்புறம், பிள்ளைங்களுக்கு மொதல்ல இந்த மரத்தைக் காட்டணும்.

நடக்க வந்த ஒரு சீன அங்கிள் நின்னு மலாய்ல விசாரிச்சாரு, அவங்கப்பாவும் மூவார் பக்கம் சின்னதா ரப்பர் வச்சிருந்தாராம். அந்த ரப்பர் நாத்தம் துணிய விட்டுப் போகவே போகாதுன்னு ரெண்டு பேரும் சேந்து சிரிக்கிறாங்க, நாங்க ஓரமா நிக்கிறோம். அங்கிள் போனப்புறம் பெரியம்மா கீழ கெடந்த ரப்பர் கொட்டைய எடுத்து சிமெண்டுல பரபரன்னு தேச்சு எம்மவன் கையில வச்சாங்க பாருங்க, 'ஆ'ன்னு கத்திட்டான். அப்புறம் அக்காவுக்கு இவன் சூடு வைக்க, இவனுக்கு அவ வைக்க. அங்கேயே இருக்கிற ஜேக்கப் பாலஸ் சிறுவர் தோட்டத்துல தண்ணில ஆடணும்னு காலைலேருந்து அடம்புடிச்சவன், அந்தப் பேச்சையே எடுக்கல.