குளிரில் ஆயில் சூடேறவே மாட்டேன் என்கிறது: பைப்பர் வாரியர், உதவி தேவை

வணக்கம். கனடாவில் வின்னிபெக் பக்கம் பைப்பர் வாரியர் என்ற சிறு விமானம் ஓட்டுகிறேன், இன்ஜின் லைக்கமிங் ஓ-320. வெளியே மைனஸ் 20 ஆகிவிட்டால், மேலே போய் நிலையாகப் பறக்கும்போதும் ஆயில் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதே பெரும்பாடு. 80ஐ ஒட்டி இருந்தால்தானே ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகி, இன்ஜினின் உள்ளிருக்கும் ஆவியை வெளியே விடும் பிரீதர் குழாய் வழியே வெளியேறும்? ஈரம் தங்கினால் அமிலம் உண்டாகி, இன்ஜின் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டை அரித்துவிடும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் மூடியின் உள்பக்கம் வெளிறிய மஞ்சளில் பிசுக்கு படிந்திருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை.

ஆயில் கூலரை மறைக்கும் குளிர்காலத் தகடு மாட்டியாயிற்று. கிளம்பும் முன் இன்ஜினை ஹீட்டர் வைத்துச் சூடாக்கித்தான் ஸ்டார்ட் செய்கிறேன்.

எனக்குச் சந்தேகம், வெப்பத்துக்கு ஏற்ப ஆயிலின் வழியை மாற்றும் வெர்னதெர்ம் வால்வு மேல்தான். ஆயில் 85 டிகிரியை நெருங்கும்போதுதான் அது நீண்டு, கூலருக்குள் போகாமல் ஆயில் செல்லும் பைபாஸ் வழியை மூடி, ஆயில் முழுவதையும் கூலருக்குத் திருப்ப வேண்டும். நீண்ட நிலையிலேயே சிக்கிக்கொண்டால் எப்போதும் கூலர் வழிதானே? கழற்றி வெந்நீரில் போட்டுச் சோதித்தவர்கள் இருக்கிறீர்களா? அதற்கு முன் மீட்டரின் சென்சாரைக் கொதிநீரில் சரிபார்ப்பது நல்லதா?

முன்பக்கக் காற்று வாயில்களிலும் டேப் ஒட்டச் சொல்கிறார் ஒரு நண்பர். இந்த விமானத்தில் சிலிண்டர் ஹெட் வெப்பம் காட்டும் மீட்டர் கிடையாது, அதனால் தயங்குகிறேன். விமானப் பராமரிப்புப் பொறியாளர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், எதிலிருந்து தொடங்கட்டும்?