எலெஸ்கோ ஹீட்டர் குழாய்கள்: மடித்தால் வெடிக்கிறது, தண்ணீர் போகும் வழியும் பிடிபடவில்லை

கேள்வி (ஹட்டன்)
எச்.ஓ. அளவில், அதாவது 1:87இல், பித்தளையில் ஓர் அமெரிக்க மிக்காடோ (2-8-2 சக்கர அமைப்புள்ள நீராவி) எஞ்சின் மாதிரி செய்கிறேன். புகைப்பெட்டிக்கு மேலே குறுக்காக, பொயிலருக்குப் போகும் தண்ணீரை முன்கூட்டியே சூடாக்கும் எலெஸ்கோ ஹீட்டர் உருளை, இடப்பக்கம் பம்ப். குழாயாக வைக்கும் 0.8 மி.மீ. பித்தளைக் கம்பியை முழங்கையாக மடித்தால் வெடித்துவிடுகிறது. ஒரு குழாயைப் பற்றவைத்தால் பக்கத்துக் குழாய் கழன்று விழுகிறது. பம்பிலிருந்து வரும் குழாயை உருளையின் இடது முனையிலும், பொயிலருக்குப் போவதை வலது முனையிலும் வைத்தேன். பழைய படங்களில் அப்படி இல்லை. அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

பதில் (நாவலப்பிட்டி)
தம்பி, வழியை முதலில் சரிபண்ணுங்கள். எலெஸ்கோ மூடிய வகை. தண்ணீர் உள்ளே இருக்கும் சிறு குழாய்களுக்குள் ஓடும், சிலிண்டரிலிருந்து வரும் கழிவு ஆவி அவற்றைச் சுற்றி நிற்கும், இரண்டும் கலக்காது. தண்ணீர் உருளையின் நீளத்தை நாலு தடவை கடக்கும். நாலு இரட்டைப்படை, ஆகவே நுழைந்த முனையிலேயே வெளியே வரும். உங்கள் வலப்பக்கக் குழாயை எடுத்துவிடுங்கள். டெண்டரிலிருந்து (எஞ்சினுக்குப் பின்னால் வரும் தண்ணீர், எரிபொருள் வண்டி) பம்ப், பம்பிலிருந்து உருளை, அதே முனையிலிருந்து பொயிலர் பக்கத்து செக் வால்வு (தண்ணீரைத் திரும்ப விடாத ஒருவழி வால்வு): இதுதான் ஓட்டம். கழிவு ஆவி வரும் குழாய்தான் எல்லாவற்றிலும் தடித்தது. ஆவி குளிர்ந்து நீராகி டெண்டருக்குத் திரும்ப ஒரு மெல்லிய குழாயும் வேண்டும். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

வேர்திங்டன் என்ற வேறு வகை ஹீட்டர் பூட்டிய எஞ்சின் படத்தைப் பார்த்து இதைச் செய்யாதீர்கள். அதில் ஆவியும் தண்ணீரும் நேராகக் கலக்கும், குழாய் அமைப்பே வேறு.

கம்பியின் தடிப்பு சரி. 2½ அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 73 மி.மீ.; 87ஆல் வகுத்தால் 0.84. வெடிப்பதற்குக் காரணம், கடையில் வாங்கும் கம்பி இழுத்து இறுகியது. மடிக்கும் இடத்தை மங்கல் சிவப்பு வரும்வரை சூடாக்கி ஆறவிட்டு, 1.5 மி.மீ. துளைக்கம்பியின் (ட்ரில் பிட்) தண்டில் சுற்றி மடியுங்கள். குறட்டால் கிள்ளி மடித்தால் தழும்பு விழும். பெயின்ட் அடித்த பிறகுதான் அது பளிச்சென்று தெரியும்.

பதில் (பண்டாரவளை)
பற்றவைப்புக்கு: முதல் மூட்டுகளுக்கு 221 பாகையில் உருகும் வெள்ளி கலந்த ஈயமில்லாச் சோல்டர், பிறகு வருபவற்றுக்கு 183இல் உருகத் தொடங்கும் 60/40 வெள்ளீய-ஈயச் சோல்டர். முடிந்த மூட்டில் ஈரத் திசுத்தாளைச் சுற்றிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். குழாய் முனையை மேலே ஒட்டவே வேண்டாம், 0.85 துளை போட்டு 1 மி.மீ. உள்ளே செருகினால் சோல்டர் கொஞ்சமே போதும்.

வேலை முடிந்த அன்றே அப்பச்சோடா கரைத்த நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். நம்ம பக்கத்து ஈரத்துக்கு பற்றவைக்கப் பூசும் அமிலப் பசை (ஃப்ளக்ஸ்) மிச்சமிருந்தால் மூட்டு ஓரமெல்லாம் பச்சை பூத்துவிடும். பனிமூட்டம் இறங்கிய நேரத்தில் ஸ்ப்ரே அடிக்கவும் வேண்டாம், பூச்சு வெளுத்துப்போகும்.

கேள்வி (ஹட்டன்)
வழி விளங்கிவிட்டது, நன்றி அண்ணன். இப்போது பம்ப் குழாய் சட்டத்தோடும் பொயிலரோடும் ஒட்டியிருப்பதால் மோட்டாரை எடுக்கப் பொயிலரைத் தூக்க முடியவில்லை.

பதில் (நாவலப்பிட்டி)
பம்ப் பொயிலரோடு நிற்கட்டும். டெண்டரிலிருந்து வரும் குழாயை ஓட்டுநர் அறைக்குக் கீழே வெட்டி, 4 மி.மீ. நீளத்துக்கு மெல்லிய பித்தளைக் குழல் ஒன்றை ஒரு பக்கம் மட்டும் பற்றவையுங்கள். மறுபக்கம் சும்மா செருகி நிற்கும், பார்வைக்கு இணைப்பு நட்டு மாதிரியே இருக்கும். கழிவு ஆவிக் குழாயின் அடிமுனையையும் சிலிண்டர் சேணத்தில் (புகைப்பெட்டியைத் தாங்கும் அடிப்பகுதி) ஒட்டாமல், துளைக்குள் உட்காரவிடுங்கள்.

இன்னொன்று. மலைநாட்டு ரயில் பாதையின் 5 சங்கிலி (ஒரு சங்கிலி 66 அடி) ஆர வளைவே இந்த அளவில் ஏறக்குறைய 1.15 மீற்றர் ஆரம். மேசைப் பாதைகள் அதைவிட நெருக்கமாகத்தான் இருக்கும். உங்கள் மிகச் சிறிய வளைவில் எஞ்சினைக் கையால் தள்ளி, முன் சக்கரம் எந்தக் குழாயையும் தொடவில்லை என்று பார்த்த பிறகே கடைசி மூட்டைப் பற்றவையுங்கள்.