பத்ம விருதுப் பட்டியல்களை ஒரே வடிவில் அமைப்பது: விவாதம்

ஏட்டுப்பிள்ளை:
நாம் தொகுத்துவரும் பாரத ரத்னா, பத்ம விபூஷண், பத்ம பூஷண், பத்மஸ்ரீ ஆகிய நான்கு பட்டியல்களையும் நேற்றிரவு அருகருகே திறந்து வைத்துப் பார்த்தேன். எம். எஸ். சுப்புலட்சுமி 1954இல் பத்ம பூஷணும், 1975இல் பத்ம விபூஷணும், 1998இல் பாரத ரத்னாவும் பெற்றவர். நம் பட்டியல்களில் அவர் ஓரிடத்தில் 'ம. ச. சுப்புலட்சுமி', மற்றோரிடத்தில் 'எம்.எஸ்.சுப்புலக்ஷ்மி', இன்னோரிடத்தில் 'சுப்புலட்சுமி, மதுரை சண்முகவடிவு'. புதிதாக வரும் மாணவர் இவர்களை மூன்று பாடகியராக எண்ணிக்கொண்டால் குற்றம் அவருடையதன்று.

ஆகவே ஆண்டு, பெயர், துறை, மாநிலம், குறிப்பு என்னும் ஐந்து கட்டங்களோடு நான்கு பட்டியல்களையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரலாம் என்று முன்மொழிகிறேன். முதலெழுத்தை விட்டுவிட்டு, பெயரைக் கொண்டே ஒவ்வோர் ஆண்டுக்குள்ளும் அகரவரிசைப்படுத்த வேண்டும். பெயருக்கு முன் 'பத்மஸ்ரீ' என்று சேர்ப்பதையும் நிறுத்த வேண்டும். இவ்விருதுகள் அரசமைப்பின் 18ஆம் பிரிவு தடைசெய்யும் பட்டங்கள் அல்ல என்று 1995இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இவற்றைப் பெயரோடு முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோ பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது.

பழையகோப்பு:
பெயரை ஒரே விதமாக எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை. மற்ற கட்டங்களில்தான் சிக்கல் இருக்கிறது.

1954 ஜனவரியில் தோற்றுவிக்கப்பட்டவை இரண்டே விருதுகள். ஒன்று பாரத ரத்னா. மற்றொன்று பகேலா வர்க், துஸ்ரா வர்க், திஸ்ரா வர்க் என மூன்று வகுப்புகள் கொண்ட பத்ம விபூஷண். அவ்வகுப்புகளுக்கு இன்றைய மூன்று பெயர்களும் 1955 ஜனவரி 8ஆம் நாள்தான் வந்தன. ஆக, தாங்கள் எடுத்துக்காட்டிய சுப்புலட்சுமி 1954இல் பெற்றது, அன்றைய வழக்கின்படி, பத்ம விபூஷணின் இரண்டாம் வகுப்பு. 'பத்ம பூஷண், 1954' என்று எழுதினால், அப்போது இல்லாத ஒரு பெயரை அந்த ஆண்டின்மீது ஏற்றுகிறோம்.

மாநிலக் கட்டம் இன்னும் மோசம். சி. வி. ராமன் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். கல்கத்தாவில் செய்த ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றார். 1954இல் பாரத ரத்னா பெற்றபோது பெங்களூரில் வாழ்ந்தார். அவருக்கு நேரே 'தமிழ்நாடு' என்று இட்டால் அது இரட்டைப் பிழை. அவர் அப்போது இங்கே குடியிருக்கவில்லை. இம்மாநிலமும் 1969 ஜனவரி வரை அந்தப் பெயரில் இருக்கவில்லை.

அகரவரிசை:
இருவருக்கும் இடையே புகுவதற்குப் பொறுத்தருள்க. வரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஏட்டுப்பிள்ளை நம்புவதாகத் தெரிகிறது. பத்ம பூஷண் பட்டியலை நான் நேற்று பெயர்வாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தபோது, 1980இல் விருது பெற்ற சுனில் காவஸ்கர் சுப்புலட்சுமிக்கு முன்னால் வந்து நின்றார். தமிழ் நெடுங்கணக்கில் பகரத்துக்கு வெகுதூரம் பின்னால், கடைசி எழுத்தாக வருவது னகரம். கணிப்பொறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடு முறையிலோ னகரம் நகரத்துக்கு அடுத்து, பகரத்துக்கு முன்னால் அமர்ந்திருக்கிறது. கணிப்பொறி அந்த எண்ணைப் பார்க்கிறதே தவிர நம் நெடுங்கணக்கை அல்ல. புள்ளி வைத்த எழுத்துக்கும் இதே கதிதான்: அகராதியில் 'சுப்பு' முன்னும் 'சுபா' பின்னும் வர, இயந்திரம் அதைத் தலைகீழாக்குகிறது. ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் மறைவான வரிசைக் குறி ஒன்றைக் கையால் இட்டாலொழிய, வடிவம் ஒன்றாக இருந்தும் வரிசை தவறாகவே இருக்கும். சலிப்பூட்டும் வேலை என்பது தெரியும்; அதை நான் செய்து தருகிறேன்.

ஏட்டுப்பிள்ளை:
அகரவரிசையாருக்கு நன்றி. அதை ஏற்கிறேன்.

பழையகோப்பு ஐயாவுக்கு: பட்டியல் என்பது வாசகர் தேடிவரும் வாசல். 'துஸ்ரா வர்க்' என்று தேடி ஒருவரும் வரப்போவதில்லை. இன்றைய பெயரைக் கட்டத்திலும் அன்றைய பெயரைக் குறிப்பிலும் வைத்தால் உண்மை எங்கும் போய்விடாது. மாநிலக் கட்டத்தைப் பற்றிய தங்கள் வாதம் வலுவானது. விருதுக் காலத்தில் வாழ்ந்த மாநிலத்தை, அக்காலப் பெயரிலேயே எழுதலாம். 'சென்னை மாநிலம்' என்பது யாருக்கும் புரியாத சொல்லன்று. அதேபோல் 1978, 1979 ஆண்டுகளிலும் 1993 முதல் 1997 வரையிலும் பத்ம விருதுகள் அறிவிக்கப்படவில்லை. அந்த ஆண்டுகளை ஓசையின்றித் தாண்டாமல், 'விருது இல்லை' என்று ஒரு வரி இட வேண்டும். இல்லையேல் நாம்தான் விட்டுவிட்டோம் என்று வாரம் ஒருவர் வந்து திருத்துவார்.

பழையகோப்பு:
அந்த வரி நல்ல யோசனை. ஆனால் ஒருவருக்கு ஒரு வரிசை என்ற கணக்கு எல்லா இடத்திலும் நிற்காது. 2023இல் பத்மஸ்ரீ பெற்ற, இருளர் சமூகத்தைச் சேர்ந்த பாம்பு பிடி வல்லுநர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் சேர்த்து அளிக்கப்பட்டது ஒரே விருது. அவ்வாண்டு இணையாகப் பெற்றவர்கள் மூன்று சோடி. ஒவ்வொரு சோடிக்கும் ஒரு விருது என்று எண்ணித்தான், மூன்று பத்ம விருதுகளும் சேர்த்து மொத்தம் 106 என்று அரசு அறிவித்தது. பெயருக்கு ஒரு வரிசை இட்டால் நம் எண்ணிக்கை 109 ஆகிவிடும். இருவரையும் ஒரே வரிசையில் இட்டால், மாசி சடையனை 'மா' வரிசையில் தேடுபவர் ஏமாந்து திரும்புவார்.

கொடுத்தும் கொடுக்கப்படாத விருதுகளை என்ன செய்வது? சுபாஷ் சந்திர போசுக்கு மறைவுக்குப் பிந்தைய பாரத ரத்னா 1992இல் அறிவிக்கப்பட்டது, குடும்பத்தார் ஏற்கவில்லை, 1997இல் உச்ச நீதிமன்றத்தில் அந்த அறிவிப்பு ரத்தானது. எஸ். ஜானகி 2013இல் பத்ம பூஷணை ஏற்க மறுத்தார். இவ்விரண்டும் ஒரே வகையல்ல. ஒரே குறியீட்டால் இரண்டையும் குறித்துவிட முடியாது.

ஏட்டுப்பிள்ளை:
போஸ் பெயரைப் பட்டியலில் சேர்க்காமல் அடிக்குறிப்பில் வைக்கலாம்; ரத்தான அறிவிப்பு விருதாகாது. ஜானகியின் பெயரைப் பட்டியலிலேயே வைத்து, 'ஏற்க மறுத்தார்' என்று குறிப்புக் கட்டத்தில் எழுதலாம். மறுத்ததும் விருதின் வரலாறுதானே?

பழையகோப்பு:
வேண்டாம் என்று சொன்னவரைப் பெற்றவர்களின் வரிசையில் நிறுத்துவது அவர் முடிவை மதிப்பதாகாது. மறுத்தவர்களுக்குத் தனிப் பட்டியல் ஒன்று இருக்கட்டும் என்பதில் நான் மாறப்போவதில்லை. மற்றவற்றில் உடன்படுகிறேன். 2023ஆம் ஆண்டை நான் எடுத்துக்கொள்கிறேன். வடிவேல் கோபாலையும் மாசி சடையனையும் ஒரே வரிசையில் இட்டு, 'மா' வரிசையில் எண்ணில்லாத ஒரு 'காண்க' வரியும் சேர்த்துவிடுகிறேன்.