அட்டை சீக்கிரம் தீருது

அக்கா: ரெண்டு பேரும் முழிச்சிருக்கீங்களா? பையன் விஷயம். கண்ணு சிவந்து கிடக்கு. கதவச் சாத்திக்கிறான், பேச்சே இல்ல

தம்பி: கஞ்சாவா இருக்கும்க்கா. அவன் பையச் சோதிச்சுப் பாரு

அக்கா: கொட்டிப் பார்த்துட்டேன். ஒண்ணும் இல்ல

தங்கச்சி: டேய் சும்மா இரு. நைட் டூட்டி முடிச்சா என் கண்ணுந்தான் சிவக்குது. அக்கா, சாப்பாடு, படிப்பு, கூட்டாளிங்க ஏதாவது மாறிருக்கா?

அக்கா: அதெல்லாம் அப்படியேதான். ஆனா வீட்ல மாத்திரை குறையுது. அதான் பயம்

தங்கச்சி: என்ன மாத்திரை?

அக்கா: அத்தானோட முதுகு வலிக்கு, ஆபரேஷன் அப்போ கொடுத்தது. டிரமடால். மாசத்துக்கு வாங்கினா 15 நாள்ல அட்டை காலி. கேட்டா "உன் பையனக் கேளு"ங்கறார்

தங்கச்சி: அது அபின் வகையறா மாத்திரைக்கா!! ஆபரேஷன் ஆகி 8 மாசம் ஆச்சே. அத்தான் எப்படி இருக்கார்?

அக்கா: உக்காந்த இடத்துலயே தூங்கி விழறார். மலச்சிக்கல். மாத்திரை தீர்ந்தா ஜலதோஷம் வேற. மூக்கு ஒழுகும், கொட்டாவி, வேர்வை, எரிஞ்சு விழுவார். அட்டை வந்ததும் சரியாயிடும்

தங்கச்சி: வலி மாத்திரைக்கு அடங்கற ஜலதோஷமா அது?

தம்பி: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

தம்பி: அத்தான் சிகரெட் கூடத் தொட மாட்டாரே

தங்கச்சி: டாக்டர் எழுதினதுதான். உடம்பு பழகினா பழைய அளவு பத்தாது. உடம்பு பழகறத மட்டும் வச்சு அடிமைன்னு சொல்லிட முடியாது. ஆனா கூடுதலாப் போட்டுட்டு பழிய புள்ள மேல போடறாரே, அதான் இடிக்குது. இந்த மாத்திரை கூடினா கண்ணுப் பாப்பா சுருங்கும், அத்தானுக்கு அப்படி இருக்கா பாரு. சுருங்கலன்னாலும் இல்லைன்னு முடிவு பண்ணாத

அக்கா: போன வாரம் துவைக்கும்போது சட்டைப் பையில வேற டாக்டர் சீட்டு இருந்துச்சு

தம்பி: எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சுடுக்கா

தங்கச்சி: ஐயோ வேண்டாம்! திடீர்னு நிறுத்தினா ரொம்பக் கஷ்டப்படுவார். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். அதிகமாப் போட்டா வலிப்பும் வரலாம். இப்ப சண்டை போடாத, காலைல தெளிவா இருக்கும்போது பேசு. தூக்க மாத்திரையோட சேர்ந்தா மூச்சே அடங்கிடும். எழுப்பி எழும்பலைன்னா, உதடு நீலமானா, ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டு உடனே ஆம்புலன்ஸ்

அக்கா: தூக்க மாத்திரை மாமியாரோடது இருக்கு. எண்ணிட்டு வரேன்

அக்கா: 12 இருக்கணும். 7தான் இருக்கு

தங்கச்சி: மிச்சத்த உன் பீரோல வச்சுப் பூட்டு. அவர் பக்கத்துலயே இரு, மூச்சப் பாரு. நான் கிளம்பி வரேன்

அக்கா: சரி. பையன் ரூம்ல இன்னும் லைட் எரியுது. அவனுக்கு முன்னாடியே தெரியும் போலடி