ஜிடிபியில் பிரேக்பாயிண்டை அழிக்காமல் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பது எப்படி?

கேள்வி (பீளமேடு)
வணக்கமுங்க. போர்வெல் மோட்டார் கண்ட்ரோலர் போர்டுக்கு நிரல் எழுதுகிறேன், சிப் கார்டெக்ஸ் எம்4. தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்த வேண்டிய பகுதி சில சமயம் வேலை செய்வதில்லை, அது ஏன் என்று, நிரலில் பிழை தேடும் கருவியான ஜிடிபியில் தேடிக்கொண்டிருக்கிறேன். நிரல் ஓடும்போது குறித்த வரியில் நின்று பார்க்க 6 பிரேக்பாயிண்ட் வைத்திருக்கிறேன். 3ஆவது, கரண்ட் அளக்கும் லூப்புக்குள் இருப்பதால் சுற்றுக்கு ஒரு தரம் நின்று உயிரை எடுக்கிறது. டெலிட் கொடுத்தால் கண்டிஷன் (எப்போது நிற்கணும்), கமாண்ட்ஸ் (நின்றதும் என்ன செய்யணும்) எல்லாம் திரும்ப அடிக்கணும். சரி என்று கண்டிஷனோடு "&& 0" சேர்த்து அதை எப்போதும் பொய்யாக்கினேன், நிற்கவில்லை, ஆனால் போர்டு ஆமையாக ஓடுகிறது. வேறு வழி இருக்குங்களா?

பதில் (ஈரோடு)
டிசேபிள் 3 என்று அடியுங்க, அவ்வளவுதான். திரும்ப வேண்டும்போது எனேபிள் 3. கண்டிஷன், கமாண்ட்ஸ் எல்லாம் அப்படியே இருக்கும். இன்ஃபோ பிரேக்பாயிண்ட்ஸ் கொடுத்தால் அந்த வரியில் 'ஒய்' இருந்த இடத்தில் 'என்' தெரியும். எண் போடாமல் வெறும் டிசேபிள் மட்டும் அடித்துவிடாதீங்க, எல்லாமே அணைந்துவிடும்.

பதில் (திருப்பூர்)
ஆமையாக ஓடியதற்குக் காரணம், கண்டிஷன் பொய்யானாலும் சிப் ஒவ்வொரு சுற்றிலும் நிஜமாகவே நிற்கிறது, கம்ப்யூட்டரில் இருக்கும் ஜிடிபி மதிப்பை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஓட விடுகிறது. டிசேபிள் செய்தால் அந்தப் பிரேக்பாயிண்டைச் சிப்பில் வைப்பதே இல்லை. எம்4இல் பிளாஷ் நினைவகத்தில் ஓடும் நிரலுக்கு வன்பொருள் பிரேக்பாயிண்ட் 6தான், உங்களுக்கு எல்லாமே நிரம்பிவிட்டது, ஒன்றை அணைத்தால் அந்த இடம் வேறொன்றுக்குக் கிடைக்கும்.
எனக்கு ரொம்பப் பிடித்த வழி ஒன்று சொல்கிறேன். தண்ணீர் வற்றியதைக் கண்டுபிடிக்கும் இடத்தில் 2ஆவது இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்க, அதன் கமாண்ட்ஸில் எனேபிள் ஒன்ஸ் 3, அடுத்த வரியில் கன்டினியூ, கடைசியில் எண்ட். அதுவரை 3 தூங்கும், 2ஐத் தொட்டதும் விழிக்கும், ஒரு தரம் நிறுத்திவிட்டுத் தானே அணைந்துகொள்ளும்.

பதில் (கரூர்)
தம்பி, மோட்டார் ஓடும்போது பிரேக்பாயிண்டில் நிறுத்தாதீங்க. சிப் நின்றாலும் மோட்டார் சுவிட்சான ரிலேவை இயக்கும் சிப்பின் கால் இருந்த நிலையிலேயே இருக்கும், தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் மோட்டாருக்குப் பதில் பல்பைக் கட்டிப் பாருங்க.

கேட்டவர்
ரொம்ப நன்றிங்க. பல்பு வைத்துப் பார்த்தேன், கமாண்ட்ஸ் வழி அழகாக வேலை செய்தது, 3இல் ஒரே தரம்தான் நின்றது. பிழை என்னவென்றால், நிரல் கரண்ட் சராசரியை அழிக்காமலே அடுத்த சுற்றுக்குப் போயிருக்கிறது, பழைய மதிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. பிரேக்பாயிண்ட் எல்லாவற்றையும் சேவ் பிரேக்பாயிண்ட்ஸ் கொடுத்து ஒரு கோப்பில் வைத்துவிட்டேன், நாளைக்குச் சோர்ஸ் என்ற கமாண்ட் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம்.